மானேபன்ஜாங்கின் லாண்ட் ரோவர்கள்

மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மானேபன்ஜாங் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு, சிங்காலிலா மலைத்தொடரின் முகட்டோடு ஏறி, 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவை அடையும் ஏறக்குறைய 31 கிலோமீட்டர்ப் பாதையில், நெடுங்காலமாகப் பிரயாணிகளையும் அவர்களுக்கு வேண்டிய சாமான்களையும் சுமந்து சென்றுவருபவை, 1950-களிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட லாண்ட் ரோவர் வண்டிகள். தேயிலைத் தோட்டத்துத் துரைமார்கள் தங்கள் உபயோகத்துக்கென்று வரவழைத்து, நாடு திரும்பியபோது விட்டுச்சென்ற அவ்வண்டிகள் கைமாறிக் கைமாறி இவ்வூர் வண்டிக்காரர்களிடம் வந்துசேர்ந்தன. 2018-இல் அந்த வண்டி இனத்துக்கு எழுபது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடும்பொருட்டு அதைச் செய்த கம்பெனியார் இம்மலைக்கு வந்தபோது, நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் அவை இங்கே ஓடும் நிலையில் இருந்தன. சந்தக்பூவில் நின்றால் எவரெஸ்ட், காஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கு மகா சிகரங்களையும் ஒரே இடத்திலிருந்து தரிசிக்கலாம். உலகத்தின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களில் கே-2 ஒன்று நீங்கலாக மற்ற நான்கும் அவையே. அந்தக் காட்சிக்காகவே ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் அவர்களை மேலே கொண்டுசேர்க்கும் வண்டியும், சற்று நின்று கவனிப்பவருக்கு, பௌதிகத்திலும் ரசாயனத்திலும் பல விஷயங்களைச் சொல்லக்கூடியது என்பது என் அபிப்பிராயம்.

இரும்பு துருப்பிடிக்கும், உராயும் பாகம் தேயும், ஓயாமல் வளைந்து நிமிரும் பாகம் களைத்து முறியும், ரப்பர் வறண்டு வெடிக்கும். இவற்றுக்கு விலக்குப் பெற்ற வண்டி எதுவும் உலகத்தில் செய்யப்படவில்லை. ஆகவே, அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும், கண்காட்சிக் கூடத்தில் துடைத்து நிறுத்திய பொருளாக இராமல், ஆளும் மூட்டையுமாக மலை ஏறிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியைக் காணும்போது, அது இந்த இயற்கை விதிகளுக்கு எந்த இடத்தில் பணிந்து எந்த இடத்தில் ஈடுகொடுத்து நின்றது என்று விசாரிப்பது பயனுள்ள காரியமாகும்.

முதலில் அதன் பிறப்பைச் சொல்லவேண்டும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயத்தில் இங்கிலாந்தில் எஃகுக்குப் பெரும் பஞ்சம். அந்நியச் செலாவணி சம்பாதித்துத் தரும் ஏற்றுமதிச் சரக்கைச் செய்வோருக்கே அரசாங்கம் எஃகைத் தாராளமாக ஒதுக்கிவந்தது. சொகுசுக் கார்களுக்குப் பெயர்பெற்ற ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளரான மாரிஸ் வில்க்ஸ் என்பவர், ஆங்கில்சி தீவிலிருந்த தம் பண்ணையில், யுத்தத்தில் மிஞ்சிய வில்லீஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலைவாங்கி வந்தார். அந்த ஜீப் தேய்ந்துபோனால் அதன் இடத்தில் எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து, பண்ணை வேலைக்கேற்ற வண்டியொன்றைத் தாமே செய்துவிடலாம் என்ற எண்ணம் 1947-இல் பிறந்தது. 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அந்த வண்டி முதன்முதலாக உலகத்தின் முன் வந்து நின்றது. எஃகு கிடைக்காத காரணத்தால் அதன் மேற்கூட்டை, அலுமினியத்தோடு சிறிதளவு மக்னீசியம் சேர்ந்த பர்மாபிரைட் என்ற உலோகக் கலவைத் தகட்டினால் அமைத்தார்கள். தகட்டை வளைவு நெளிவாக அழுத்தி எடுக்கும் பெரிய அச்சுகளுக்குப் பணம் இல்லாத காரணத்தால், கையாலேயே மடித்துவிடக்கூடிய தட்டையான உருவமே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். சேஸிஸைக்கூட, நான்கு எஃகுப் பட்டைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வெல்டிங் செய்த நீண்ட பெட்டிகளாகவே கட்டினார்கள். என்ஜினின் சுழற்சியை வண்டிக்கு வெளியே எடுத்து மரம் அறுக்கும் வாளையோ கதிரடிக்கும் யந்திரத்தையோ ஓட்டுவதற்கும் அதில் வழி இருந்தது. ஒவ்வொன்றும் நிர்ப்பந்தத்தினால் செய்துகொண்ட ஏற்பாடு. அழுத்தும் யந்திரம் இல்லாமல் செய்யப்பட்ட தகட்டை, அழுத்தும் யந்திரம் இல்லாமலேயே மறுபடியும் செய்துவிடலாம் அல்லவா? இமயமலை அடிவாரத்துப் பட்டறையில், ஒரு சுத்தியலும் வெட்டிரும்பும் வெல்டிங் செட்டும் வைத்திருப்பவர் இந்த வண்டியின் பாதிப் பாகத்தைப் புதிதாகச் செய்துவிட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் 1948-இல் ரோவர் கம்பெனியின் சோலிஹல் நகரத்துத் தொழிற்சாலைக்கு இருந்த வறுமையே.

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை என்று சாதாரணமாகச் சொல்லுகிறோம். உண்மையில் அது இரும்பைக் காட்டிலும் வேகமாகவே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடுகிறது. புதிதாக வெட்டிய அலுமினியத்தின் முகம் கண் இமைப்பதற்குள் ஆக்சைடாக மாறிவிடுகிறது. அங்கேதான் விசேஷம். அந்த ஆக்சைடுப் படலம் ஒரு மில்லிமீட்டரை மூன்று லட்சம் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு கனமே உடையதாயினும், இடைவெளியின்றி உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, அதற்குமேல் ஆக்சிஜன் உள்ளே புகாதபடி கதவடைத்துவிடுகிறது. கீறிவிட்டால் அந்த இடத்தில் உடனே மறுபடியும் உண்டாகிறது. இரும்பின் துரு அப்படிப்பட்டதன்று. 1923-இல் பில்லிங், பெட்வொர்த் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஓர் உலோகத்தின் ஆக்சைடு, தான் தோன்றுவதற்குச் செலவான உலோகத்தைப் போல் எத்தனை மடங்கு இடத்தை அடைக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்து, உலோகங்களின் குணத்தை அதைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். அலுமினியத்துக்கு அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றேகால். ஆகவே படலம் இறுக்கமாகப் பொருந்துகிறது. இரும்பின் துருவோ இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கிறது. இடம் போதாமல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு ஈரத்துக்கு வெளிப்படுகிறது. மானேபன்ஜாங்கின் மழையிலும் மூடுபனியிலும் ஆயிரக்கணக்கான நாட்களைக் கழித்த வண்டியின் பக்கத் தகடு, நசுங்கியும் ஆணியடித்து ஒட்டுப்போட்டும் இருந்தாலும், ஓட்டை விழாமல் இருப்பதன் ரகசியம் இந்தச் சிறு விகிதத்தில் அடங்கியிருக்கிறது.

ஆயினும் அலுமினியத்துக்கும் ஒரு சத்துரு உண்டு. அது பக்கத்திலேயே இருக்கிறது. பழைய லாண்ட் ரோவரின் கதவு விளிம்பிலோ, மட்கார்டு உடம்போடு சேரும் இடத்திலோ, எஃகு போல்ட்டின் தலையைச் சுற்றி விரலால் தடவினால், மாவு போன்ற வெள்ளைப் பொடி விரலில் ஒட்டும். வர்ணம் அந்த இடத்தில் கொப்புளித்து நிற்கும். வெவ்வேறு குணமுடைய இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் இருந்தால், அங்கே ஒரு மின்கலம் உண்டாகிவிடுகிறது என்பதை 1800-இல் வோல்ட்டா என்ற இத்தாலிய விஞ்ஞானி உலகத்துக்குக் காட்டினார். அந்த மின்கலத்தில் ரசாயன வேகம் அதிகமுள்ள உலோகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றுகிறது. அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடக்கும் இந்தப் போட்டியில் கரைவது அலுமினியமே. அந்த வெள்ளைப் பொடி அதன் சாம்பல். லாண்ட் ரோவர் செய்தவர்கள் இதை அறிந்தே, உடம்பின் ஓரங்களில் வரும் எஃகுப் பட்டிகளுக்குத் துத்தநாகப் பூச்சுக் கொடுத்தார்கள். துத்தநாகம் இந்த விஷயத்தில் அலுமினியத்துக்கு நெருங்கிய உறவாதலால் மின்னோட்டம் வெகுவாகக் குறைகிறது. ஆதலால் பழைய வண்டியை வைத்திருப்பவர் போல்ட்டை மாற்றும்போது அடியில் ஒரு ரப்பர் வாஷரும் சிறிது கிரீஸும் வைத்து முடுக்கினால், அவர் வோல்ட்டாவின் மின்கலத்தைப் பிரித்துவிட்டவராகிறார்.

மேற்கூடு பிழைத்தாலும், வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது சேஸிஸ். பெட்டி போன்ற அந்த எஃகுச் சட்டத்தின் உள்ளே சேறு புகுந்து தங்கி, ஈரம் வற்றாமல் இருந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துவருகிறது. பின்கோடியிலுள்ள குறுக்குச் சட்டமும், பக்கங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளும் முதலில் போகும். இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட லாண்ட் ரோவர்களில் எண்ணற்றவை இந்த நோயினாலேயே மாண்டன. அங்கே குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள், உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் துருவின் வேகம் பன்மடங்காகிறது. சிங்காலிலா மலைப் பாதையில் யாரும் உப்புத் தூவுவதில்லை. கடற்காற்றும் அங்கே எட்டுவதில்லை. மழை எவ்வளவு பெய்தாலும் அது சுத்தமான நீர். பிறந்த ஊரில் இறந்திருக்கக்கூடிய வண்டிகள் புகுந்த ஊரில் பிழைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இனி அது மலை ஏறும் விதத்தைப் பார்ப்போம். போடிநாயக்கனூருக்கு மேலே கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் ஜீப்புகளில் குலுங்கிச் சென்ற வாசகர்களுக்கு, கல்லும் மேடுமான செங்குத்துப் பாதையில் ஒரு வண்டி ஆள் நடக்கும் வேகத்தில், ஆனால் நிற்காமல், ஏறுவது எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்கும். ஆதி லாண்ட் ரோவரின் பெட்ரோல் என்ஜின் 1,595 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 50 குதிரைச் சக்தியும் உடையது. இன்றைய சிறு காரின் என்ஜினே அதைவிடப் பலமானது. அத்துடன், உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்துகொண்டே போகிறது. சந்தக்பூவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 64 சதவீதந்தான்; குளிரையும் கணக்கில் சேர்த்தால் அடர்த்தி 70 சதவீதத்தை ஒட்டி நிற்கும். காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் சாதாரண என்ஜின் ஒவ்வொரு மூச்சிலும் பத்தில் மூன்று பங்கு ஆக்சிஜனை இழக்கிறதாகையால், அதன் சக்தியும் அதே அளவுக்குக் குறைந்து, ஐம்பது குதிரைகளில் முப்பத்தைந்து குதிரைகளே மிச்சமாகின்றன. தண்ணீரும் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி சரியாக இறுகி உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றாவிட்டால், சமவெளியில் கொதிக்காத வண்டி மலையில் கொதிக்கும்.

இத்தனை குறைவான சக்தியைக் கொண்டு இத்தனை பெரிய ஏற்றத்தை வெல்லுவது கியரின் வேலை. பிரதான கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இந்த வண்டியில் இரண்டாவது பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கைப்பிடியைத் தள்ளி லோ கியரில் போட்டு முதல் கியரையும் சேர்த்தால், என்ஜின் ஏறக்குறைய நாற்பது தடவை சுழலும்போது சக்கரம் ஒரே ஒரு தடவை சுழலும். வேகம் நாற்பதில் ஒன்றாகக் குறைகிறது. அதற்கு ஈடாக, உராய்வில் போகும் சிறு பகுதி நீங்கலாக, சுழற்றும் விசை நாற்பது மடங்காகப் பெருகுகிறது. என்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால் சக்கரம் இருபத்தைந்து சுற்று. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர்; ஆக நிமிஷத்துக்கு 55 மீட்டர், மணிக்கு மூன்றேகால் கிலோமீட்டர். அந்த விசை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிடப்படுவதால், ஒரு சக்கரம் ஈரமான கல்லில் வழுக்கினாலும் எதிர் அச்சின் சக்கரங்கள் பிடித்துக்கொள்ளுகின்றன. சக்தி குறைந்தவன் காலத்தைக் கொடுத்துக் காரியத்தை வாங்குகிறான் என்பதுதான் இதன் பௌதிகம்.

ஏறுவதைவிட இறங்குவதே அபாயமானது என்பதை மலை வண்டிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஒன்றரை டன் எடையுள்ள வண்டி 1,500 மீட்டர் கீழே இறங்கும்போது, அதில் சேர்ந்திருந்த நிலைச்சக்தியாகிய இரண்டு கோடி ஜூலுக்கு மேற்பட்ட சக்தி எங்காவது உஷ்ணமாக வெளியேறியாகவேண்டும். அறுபது லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அத்தனை உஷ்ணத்தையும் பழைய டிரம் பிரேக்குகளின் தலையில் ஏற்றினால், டிரம் சூட்டில் விரிந்து ஷூவைவிட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் தளரும், மிதியை மிதித்தாலும் வண்டி நிற்காது. லோ கியரில் போட்டு இறக்கினால் என்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. உஷ்ணம் என்ஜின் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. ஏற்றத்துக்கு எந்தக் கியரோ இறக்கத்துக்கும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சிஷ்யர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சூத்திரத்தில் பூரணமான பௌதிகம் இருக்கிறது.

இவ்வளவு மெதுவாக, ஆனால் இவ்வளவு கடுமையாக உழைக்கும் என்ஜினில் தேய்மானம் எங்கே நிகழ்கிறது? 1883-இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர், ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எண்ணெய் ஊற்றுவதற்காக மேற்புறத்தில் ஒரு துவாரம் போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துவாரத்தின் வழியாக எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. மரத்தக்கை வைத்து அடைத்தார். தக்கையையும் தள்ளிக்கொண்டு எண்ணெய் வந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, குறுகலான இடைவெளியில் திணித்து, பாரத்தையே தூக்கி நிறுத்தும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை 1886-இல் ஆஸ்பார்ன் ரெய்னால்ட்ஸ் கணிதத்தால் நிரூபித்தார். அதாவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் கிராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கின்றன. தேய்மானம் நிகழ்வது படலம் அறுபடும் சமயங்களில்: என்ஜினைக் கிளப்பும் அந்தச் சில விநாடிகளிலும், பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் அந்தச் சிறு இடத்திலும். ஆகையால்தான் பழைய சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் அடிப்புறத்தில் தேயாமலும், மேல் ரிங் திரும்பும் இடத்தில் விரல்நகத்தில் தட்டும்படியான ஒரு படி விழுந்தும் இருக்கும்.

அந்தப் படி விழுந்துவிட்டால் என்ஜின் முடிந்துவிட்டதென்று அக்காலத்தில் யாரும் நினைக்கவில்லை. லேத் பட்டறையில் கொடுத்து, சிலிண்டரை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், பெரிதாக்கிப் போர் செய்து, அதே அளவு பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனைப் போட்டுவிட்டால் என்ஜினுக்கு மறுபடியும் இளமை. அடுத்த முறை நாற்பது. அதற்குமேல் சுவர் மெலிந்துவிட்டால் லைனர் அடித்துப் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம். கிராங்கைக் கிரைண்டிங் செய்து, மெலிந்த அளவுக்குத் தக்கபடி கனத்த பேரிங்கைப் போடுவார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே, பின்னால் தேயப்போகும் அளவுகளையும் அவற்றுக்கேற்ற பாகங்களையும் வரிசையாக நிர்ணயித்து வைத்திருந்தார்கள். தேய்மானத்தை மறைக்காமல், அதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிய இந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காலப்போக்கில் பழைய பாகங்கள் கிடைக்காமற்போகவே, மானேபன்ஜாங்கின் வண்டிகளில் பலவற்றுக்கு மஹிந்திரா கம்பெனியின் டீசல் என்ஜின்களைப் பொருத்திக்கொண்டார்கள். மஹிந்திரா கம்பெனி மோட்டார்த் தொழிலில் புகுந்தது 1947-இல், வில்லீஸ் ஜீப்புகளைக் கோத்து விற்பதன்மூலம். எந்த ஜீப்பைப் பார்த்து மாரிஸ் வில்க்ஸ் தம் வண்டியை வகுத்தாரோ அதே ஜீப்பின் வழிவந்தவர்களே பிற்காலத்தில் அவருடைய வண்டிக்கு இதயம் தந்திருக்கிறார்கள். என்ஜினும் கியர்ப் பெட்டியும் கூடும் இடத்தில் ஒரு தகட்டைக் கடைந்து வைத்து, சேஸிஸில் இரண்டு தாங்கிகளை வெல்டிங் செய்தால் வேலை முடிந்தது. கணிப்பொறியைக் கேட்டுக்கொண்டு ஓடும் இன்றைய வண்டியில் இப்படி வேறொரு கம்பெனியின் என்ஜினை வைப்பது ஒரு மலைப் பட்டறைக்கு நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம்.

உலோகம் களைத்துப்போவதைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், ரயில் அச்சுகள் காரணம் தெரியாமல் முறிந்துபோவதைக் கண்டு, 1850-களின் இறுதியிலிருந்து 1870 வரை, அச்சுகளைப் பாரம் கட்டிப் பல லட்சம் தடவை சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். எஃகை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வளைத்தால் எத்தனை கோடித் தடவை வளைத்தாலும் அநேகமாக முறிவதில்லை என்றும், எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு வளைவும் கண்ணுக்குத் தெரியாத விரிசலை நீட்டிக்கொண்டே போகும் என்றும் அவர் கண்டார். லாண்ட் ரோவரின் ஸ்பிரிங் பட்டைகளைப் பாருங்கள். ஒரே கனத்த பட்டையாக இருந்தால் அதே வளைவில் அதன் வெளிமுகம் அளவுக்கு மீறி இழுபடும். பல மெல்லிய பட்டைகளாகப் பிரித்து அடுக்கினால் ஒவ்வொன்றும் எல்லைக்குள் நிற்கிறது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது உண்டாகும் உராய்வு குலுக்கலையும் தணிக்கிறது. ஒன்று முறிந்தாலும் மற்றவை வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்கும். கொல்லன் உலையிலேயே மாற்றுப் பட்டை அடித்துவிடலாம். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ஹாஃப் ஷாஃப்டுகள் இந்த வண்டியின் பலவீனமான இடம் என்று பெயர்பெற்றவை. ஆனால் ஹாஃப் ஷாஃப்டு முறிந்தால் கியர்ப் பெட்டி பிழைத்துக்கொள்ளுகிறது. டிரைவர் முன்சக்கர இழுவையைச் சேர்த்துக்கொண்டு வீடு வந்துசேர்கிறார். மறுநாள் சக்கரத்தின் நடுவிலுள்ள சில போல்ட்டுகளைக் கழற்றி, முறிந்த தண்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகுகிறார்.

பழைய வண்டியை அதிகமாக ஓட்டினால் அது சீக்கிரம் போய்விடும் என்று எண்ணிக் கொட்டகையில் மூடி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடாத வண்டியில் பெட்ரோல் நாளடைவில் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு சிலிண்டருக்குள் துருவை வளர்க்கிறது. எண்ணெய்ப் படலம் வடிந்துபோன சிலிண்டர்ச் சுவரில் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளுகின்றன. பாட்டரித் தகடுகளில் ஈயச் சல்பேட்டுப் படிகங்கள் இறுகிக் கரைய மறுக்கின்றன. ஆயில் சீல்கள் வறண்டு வெடிக்கின்றன. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருப்பதால், நீரை இழுக்கும் குணமும் பழைய ரப்பர்க் குழாய்களை நலிவிக்கும் குணமும் இன்னும் கூடியிருக்கின்றன. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிக்கொள்ளுவது அவசியம். வாரத்துக்கு ஒருமுறையாவது என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை, எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகும்வரை, பாரத்தோடு ஓட்டுவதே அதற்குச் செய்யக்கூடிய சிறந்த சிகிச்சை. கிளப்பி ஐந்து நிமிஷம் உறுமவிட்டு நிறுத்துவது தீமையே செய்யும்; என்ஜின் எரிக்கும் பெட்ரோலிலிருந்து உண்டாகும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து தங்கிவிடும்.

இவ்வண்டிகளிடம் குறைகள் இல்லையென்று சொல்லமாட்டேன். பழைய டீசல் என்ஜின் விடும் புகை சிங்காலிலா தேசியப் பூங்காவின் ரோடோடெண்ட்ரான் மரங்களுக்கும் நல்லதன்று, பின்னால் உட்கார்ந்திருப்பவர் நெஞ்சுக்கும் நல்லதன்று. சீட் பெல்ட் இல்லை. கவிழ்ந்தால் காப்பாற்றக்கூடிய கூரை இல்லை. ஓட்டுபவரின் தோள்வலிமையே ஸ்டீயரிங்கின் வலிமை. பாதை செப்பனிடப்பட்டு வர வர, புதிய வண்டிகள் சுலபமாக அதே காரியத்தைச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. அவற்றோடு வேகத்திலோ சௌகரியத்திலோ இவை போட்டியிட முடியாது.

ஆனால் நம் சட்டம் இவற்றை நோக்கும் விதத்தில் எனக்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம், ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் புராதன வண்டிகள் என்று தனியே பதிவுசெய்து, எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளை வழங்க விதி செய்தது. நல்ல விதி. ஆனால் அந்தக் கௌரவத்தைப் பெற, வண்டி அதன் மூல உருவிலேயே இருக்கவேண்டும்; சேஸிஸிலோ கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக்கூடாது. கண்காட்சிக்கோ பழுதுபார்க்கவோ கொண்டுபோகலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்கோ வியாபாரத்துக்கோ சாலையில் ஓட்டக்கூடாது. அதாவது, வேலையை நிறுத்திக்கொண்ட வண்டிக்கு மரியாதை. என்ஜினை மாற்றி, பட்டையை மாற்றி, சேஸிஸில் ஒட்டுப்போட்டு, எழுபது வயதிலும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டிக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. தேயும் பாகத்தை மாற்றும்படியே வகுக்கப்பட்ட ஒரு யந்திரத்தை, பாகம் மாற்றப்பட்டது என்ற காரணத்தால் புறக்கணிப்பது, அந்த யந்திரத்தின் சுபாவத்தையே அறியாத செய்கை.

உழைத்துக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கென்று விதிகளில் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். வயதைப் பார்த்து விலக்காமல், ஆண்டுக்கு இருமுறை பிரேக்கையும் புகையையும் சேஸிஸின் உறுதியையும் கருவிகளால் அளந்து, தேறியவற்றை மானேபன்ஜாங் போன்ற குறிப்பிட்ட பாதைகளில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட அநுமதிக்கலாம். தேறாதவற்றைத் தயக்கமின்றி நிறுத்திவிடலாம். போக்குவரத்து இலாகாவில் பொறுப்பிலிருப்பவர்களும், பழைய வண்டிகளின் சங்கங்களை நடத்துபவர்களும், கைராசியுள்ள நம் ஊர் மெக்கானிக்குகளும் சேர்ந்து இதற்கு ஒரு திட்டம் வகுத்து அரசாங்கத்தின்முன் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.